ரீமேப் செய்த காருக்கு பிரேக்: எதை முதலில் மாற்றுவது, எங்கே நிறுத்திக்கொள்வது

டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக்கை ரீமேப் செய்ததும், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றி பலத்தைக் கூட்டியதும், ஆக்ஸிலரேட்டரில் கால் வைத்தாலே வண்டி பாய்கிறது. பிரேக் மட்டும் கம்பெனி ஃபிட்டிங்காகவே இருக்கிறது. அடுத்த வாரமே சிவப்பு பெயின்ட் அடித்த நாலு பிஸ்டன் காலிப்பர் (உராய்வுக் கட்டையான பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) தேடத் தொடங்குகிறார்கள். அங்கே தொடங்கினால் பணம் போகும், வண்டி பழைய தூரத்தில்தான் நிற்கும். சில சமயம் பழைய தூரத்தைவிடவும் தள்ளி நிற்கும்.

இந்தக் கட்டுரை முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் உள்ள, ஆட்கள் ஏறிய நிலையில் சுமார் 1000 முதல் 1200 கிலோ எடை வரும் வண்டிகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. போலோ, ஸ்விஃப்ட், பெலினோ, ஐ20 வகையறா. நான்கு சக்கரத்திலும் டிஸ்க் இருந்தால் எங்கே மாறும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறது.

முதலில் கோளாறு எது என்று பாருங்கள்

"பிரேக் பத்தலை" என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்வார்கள். அதற்குள் ஐந்து வேறு வேறு புகார்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

பிரேக் சூடாகாத நிலையில், காய்ந்த ரோட்டில், 80 கிலோமீட்டர் வேகத்தில் முழு பலத்தோடு மிதிக்கும்போது ஏபிஎஸ் (சக்கரம் பூட்டாமல் காக்கும் அமைப்பு) காலடியில் கடகடவென்று துடிக்கிறதா? அப்படியானால் சக்கரத்தைப் பூட்டும் அளவுக்கு பிரேக்கில் ஏற்கெனவே பலம் இருக்கிறது. வழுக்குவது டயர். ஒற்றை நிறுத்தத்தின் தூரத்தை இனி டயர்தான் குறைக்கும், எவ்வளவு பெரிய டிஸ்க் போட்டாலும் குறையாது. ஐந்து வருடப் பழைய, கல்லாய் இறுகிய டயரை வைத்துக்கொண்டு காலிப்பர் விலை விசாரிப்பவர்கள் இங்கேயே நின்று டயர் கடைக்குப் போகலாம்.

நாலைந்து தடவை பலமாக மிதித்த பிறகு பெடல் கட்டையாக இருக்கிறது, மிதித்தும் வண்டி இழுத்துக்கொண்டு போகிறது, கருகல் வாடை வருகிறது என்றால் பேட் தன் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டது. பெடலே தொளதொளவென்று உள்ளே இறங்கினால், பிரேக் ஆயில் காலிப்பருக்குள் கொதித்து ஆவியாகியிருக்கிறது. ஆவி அழுந்தும், ஆயில் அழுந்தாது. அதனால் உங்கள் மிதி முழுக்க ஆவியை நசுக்குவதிலேயே போய்விடுகிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளவே கூடாது. பெடல் கட்டையானால் பேட், பெடல் இறங்கினால் ஆயில்.

காலையில் வண்டி எடுக்கும்போதே பெடல் ஸ்பாஞ்ச் மாதிரி இருந்தால் லைனில் காற்று, ஊதிப்போன ரப்பர் ஹோஸ், அல்லது அட்ஜஸ்ட் ஆகாத பின் டிரம். மிதித்தால் ஸ்டியரிங் உதறுகிறது என்றால் டிஸ்க். இந்த இரண்டுமே பழுதுகள். அப்கிரேடு செய்து பழுதை மூடப் பார்க்காதீர்கள்.

சூட்டின் கணக்கு

1200 கிலோ வண்டி 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அதனிடம் சுமார் 463 கிலோஜூல் இயக்க ஆற்றல் இருக்கிறது. 120-க்கு ஏறினால் 667. வேகம் 20 சதவீதம்தான் கூடியது, பிரேக் விழுங்க வேண்டிய சூடு 44 சதவீதம் கூடிவிட்டது. ரீமேப்புக்கும் பிரேக்குக்கும் உள்ள உறவு இதுதான். அதே இரண்டு வளைவுகளுக்கு நடுவில் வண்டி இப்போது அதிக வேகத்தை எட்டுகிறது.

அந்தச் சூட்டில் முக்கால் பங்கு முன் டிஸ்க் இரண்டுக்கும் போகிறது. ஒரு டிஸ்க் 6 கிலோ இரும்பு என்று வைத்துக்கொண்டால், 100-லிருந்து ஒருமுறை நின்றதற்கே அதன் சூடு 60 டிகிரிக்கு மேல் ஏறும். ஆற நேரம் கொடுக்காமல் ஆறு தடவை நிறுத்தினால் 400-ஐ நெருங்கும். அதே வேலையை 8 கிலோ டிஸ்க் செய்தால் ஒரு நிறுத்தத்துக்கு 47 டிகிரிதான். பெரிய டிஸ்க்கின் உண்மையான லாபம் இங்கேதான் இருக்கிறது: கூடுதல் இரும்பு, சூட்டைச் சேர்த்து வைக்க இடம்.

மலைப்பாதைக்குக் கணக்கு இன்னும் கடுமை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறக்கம் 1000 மீட்டர் என்று எடுத்தாலே 1200 கிலோ வண்டி 11.8 மெகாஜூலைக் கழிக்க வேண்டும். அது 100-லிருந்து 25 தடவை நின்றதற்குச் சமம். இரண்டாவது கியரில் இறங்கினால் இன்ஜின் அதில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். டி-யில் போட்டுவிட்டு பிரேக்கிலேயே கால் வைத்து இறங்கும் ஆட்டோமேட்டிக் வண்டிகள்தான் அடிவாரத்தில் புகையோடு நிற்கின்றன. அதற்கு எந்த அப்கிரேடும் மருந்தாகாது.

எதையும் வாங்குமுன்

நான்கு சக்கரத்தையும் கழற்றிப் பாருங்கள். பேட்டின் உராய்வுப் பகுதி 3 மி.மீ.-க்கு வந்துவிட்டதா, உள் பேட்டும் வெளி பேட்டும் ஒரே அளவில் தேய்ந்திருக்கின்றனவா என்று கவனியுங்கள். ஒன்று மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால், காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின் இறுகியிருக்கிறது. பின்னை உருவி, பழைய கிரீஸைத் துடைத்துவிட்டு, சிலிக்கான் கிரீஸ் வைத்துப் போட்டால் பாதிப் பேருக்கு "புது பிரேக்" கிடைத்துவிடும். மெக்கானிக் கைக்குக் கிடைத்த சாதாரண மஞ்சள் கிரீஸை வைக்க விடாதீர்கள். பெட்ரோலியம் கலந்த கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும், ஸ்லைடு பின் மறுபடியும் இறுகும்.

டிஸ்க்கின் குறைந்தபட்ச தடிமன் டிஸ்க்கின் நடுப்பகுதியிலோ ஓரத்திலோ பொறிக்கப்பட்டிருக்கும். மைக்ரோமீட்டரால் அளங்கள். வெர்னியரில் அளந்தால் ஓரத்து விளிம்பையும் சேர்த்துக் காட்டி ஏமாற்றும்.

பின் டிரம்மைத் திறந்து தூசியைத் துடையுங்கள். காற்றடித்து ஊதக் கூடாது, டிரம்முக்குள் உரசும் பழைய ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரேக் கிளீனர் ஸ்பிரே, ஈரத் துணி போதும். தானாக அட்ஜஸ்ட் ஆக வேண்டிய நட்சத்திரச் சக்கரம் துருவில் இறுகி, ஷூ டிரம்முக்கு எட்டாமல் நிற்பது சர்வசாதாரணம். அதை விடுவித்து, டிரம் சுற்றும்போது ஷூ லேசாக உரசும் அளவுக்கு வைத்தால் பெடல் கணிசமாக மேலே வரும். பின் பக்கத்தையும் டிஸ்க்காக மாற்றும் ஆசையை இப்போதைக்கு ஓரம் வையுங்கள். ஏன் என்பது கீழே.

முதல் படி ஆயில்

மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பலன் தரும் வேலை இது. பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை இறங்கும். டாட் 4 என்ற தர வகைக்குக் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக 230 டிகிரி, ஈரம் ஏறிய நிலையில் 155. டாட் 3-க்கு 205, 140. டாட் 5.1-க்கு 260, 180. ரேஸ் ஆயில்கள் இதைத் தாண்டும். உதாரணமாக மோட்டுல் ஆர்பிஎஃப் 600-இன் புது நிலைக் கொதிநிலை 312 டிகிரி.

டாட் 5 என்று மட்டும் போட்டிருக்கும் டப்பாவைத் தொடாதீர்கள். அது சிலிக்கான் ஆயில், மற்ற ஆயிலோடு கலக்காது, ஏபிஎஸ் வண்டிக்கு ஆகாது. 5-க்கும் 5.1-க்கும் பெயரில் ஒரு புள்ளிதான் வித்தியாசம், பொருள் முற்றிலும் வேறு.

தினசரி ஓட்டும் வண்டிக்குத் தரமான டாட் 4 அல்லது 5.1 போதும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இருங்காட்டுக்கோட்டையிலோ கரி ஸ்பீட்வேயிலோ ரேஸ் டிராக்கில் வண்டி ஓட்ட டிராக் டே போகிறவர்கள் ரேஸ் ஆயில் ஊற்றலாம், ஆனால் வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும். முழு லைனையும் கழுவி நிரப்ப 1 லிட்டர் வாங்குங்கள். திறந்த டப்பாவில் மிச்சம் இருந்தால் அடுத்த வருடத்துக்கென்று எடுத்து வைப்பதில் அர்த்தமில்லை.

பேட்டும் டிஸ்க்கும்

பேட் ஓரத்திலோ முதுகிலோ அச்சடித்திருக்கும் நீண்ட எழுத்து வரிசையின் கடைசியில் இஇ, எஃப்எஃப், ஜிஜி என்று ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து இருக்கும். முதல் எழுத்து சாதாரண சூட்டில் உராய்வு, இரண்டாவது அதிகச் சூட்டில். இ என்றால் உராய்வுக் குணகம் 0.25-0.35, எஃப் 0.35-0.45, ஜி 0.45-0.55. இரண்டாவது எழுத்து முதல் எழுத்தைவிடத் தாழ்ந்திருந்தால் மலையிறக்கத்தில் அந்தப் பேட் உங்களைக் கைவிடும். ஆனால் ஜி என்பதால் மட்டும் எஃப்-ஐவிட நல்ல பேட் என்று ஆகிவிடாது. எந்தச் சூட்டில் வேலை செய்யத் தொடங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

முழு ரேஸ் பேட்டை ரோட்டுக்கு வாங்குவது புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. சூடேறினால்தான் அது பிடிக்கும். காலையில் தெருமுனையில் ஸ்கூல் பையன் குறுக்கே ஓடிவரும்போது அந்த பேட் பனிக்கட்டிபோல் இருக்கும். டிஸ்க்கையும் அரித்துத் தின்னும், கிறீச்சிடும். ஈபிசி எல்லோஸ்டஃப், ஃபெரோடோ டிஎஸ்2500 போன்ற, ரோட்டுக்கும் அவ்வப்போது டிராக்குக்கும் நடுவில் நிற்கும் வகைகள் ரீமேப் வண்டிக்குச் சரியான இடம். மலை, டிராக் எதுவும் இல்லாமல் நெடுஞ்சாலை மட்டும்தான் என்றால் நல்ல கம்பெனியின் செராமிக் பேட்டே போதும், தூசியும் குறைவு.

டிஸ்க்கை ஓட்டையோ கோடோ இல்லாத, நடுவில் காற்று போக வழி உள்ள வெண்டிலேட்டட் வகையிலேயே வாங்குங்கள். ஓட்டை போட்ட டிஸ்க் பார்க்க அழகு. ரோட்டில் அதன் பலன் சொற்பம். கடும் சூட்டில் அந்த ஓட்டைகளின் ஓரத்திலிருந்துதான் விரிசல் தொடங்கும், ஓட்டையால் இரும்பும் குறைகிறது. கோடு கீறிய டிஸ்க் பரவாயில்லை, சத்தமும் பேட் தேய்மானமும் கொஞ்சம் கூடும்.

ஹோஸ்

ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் கொஞ்சம் உப்பும். எஃகுக் கம்பி பின்னிய ஹோஸ் உப்பாது, பெடல் இறுக்கமாகத் தெரியும். நிற்கும் தூரம் இதனால் குறையாது. 10 வருடப் பழைய வண்டியில் ரப்பர் ஹோஸை எப்படியும் மாற்ற வேண்டியிருக்கும். அப்போது இதைப் போட்டுக்கொள்ளலாம், அதற்காகவே தனியாகச் செலவு செய்ய வேண்டாம். வாங்கினால் பிளாஸ்டிக் உறை போட்டது வாங்குங்கள். உறை இல்லாத கம்பிப் பின்னலுக்குள் மணல் புகுந்து, உள் குழாயை அறுக்கும். வெளியே பளபளவென்றே இருப்பதால் அறுந்தது கண்ணுக்கும் தெரியாது.

பெரிய டிஸ்க், பெரிய காலிப்பர்

இதுவரை சொன்ன மூன்றையும் செய்த பிறகும் சூட்டில் பிரேக் தளர்ந்தால்தான் இந்தப் படிக்கு வர வேண்டும். பெரும்பாலான ரோட்டு வண்டிகள் வர வேண்டியிருக்காது.

வரவேண்டி வந்தால் முதல் தேர்வு, அதே பிளாட்ஃபாரத்தில் கம்பெனியே பலமான மாடலுக்குப் போட்ட பிரேக். ஐரோப்பிய போலோ ஜிடிஐ-யில் முன்னால் 288 மி.மீ. டிஸ்க், சாதாரண போலோக்களில் பரவலாக 256. அந்த 288 செட்டைத் தேடுவது, யாரோ லேத்தில் கடைந்த பிராக்கெட்டில் தொங்கும் பெயர் தெரியாத கிட்டைவிட நூறு மடங்கு பாதுகாப்பு. டிஸ்க், காலிப்பர், அதைத் தாங்கும் கேரியர் மூன்றையும் ஒரே வண்டியின் பார்ட் நம்பரில் வாங்குங்கள். சக்கரத்தைத் தாங்கும் ஸ்டியரிங் நக்கிளில் போல்ட் இடைவெளி பொருந்துகிறதா என்று வாங்குமுன் அளந்துகொள்ளுங்கள். டிஸ்க்கில் வீல் போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டத்தையும் பாருங்கள். அதே குழுமத்தின் பெரிய கார் டிஸ்க் 288-ஆகவே இருந்தாலும் அதன் வட்டம் 112 மி.மீ., போலோவுக்கு 100. சென்னை புதுப்பேட்டையிலோ கோவை உக்கடத்திலோ பழைய காலிப்பர் கிடைத்தால் வாங்கலாம். ஆனால் பிஸ்டன் சீலும் டஸ்ட் பூட்டும் புதிதாகப் போடாமல் மாட்டக் கூடாது. பழைய டிஸ்க்கும் பேட்டும் எந்த விலைக்கும் வேண்டாம்.

256-லிருந்து 288-க்குப் போனால் பேட் அழுத்தும் வட்டத்தின் ஆரம் சுமார் 106 மி.மீ.-லிருந்து 120-க்குப் போகும். அதே மிதிக்கு 13 சதவீதம் கூடுதல் பிடி. இது மட்டும் என்றால் சமாளிக்கலாம்.

சிக்கல் பிஸ்டனில் வருகிறது. நாலு பிஸ்டன் என்றால் நாலு மடங்கு பலம் என்று நினைப்பவர்கள் அதிகம். கணக்கைப் பாருங்கள். நகரும் காலிப்பரில் 54 மி.மீ. பிஸ்டன் ஒன்று. அதன் பரப்பு 22.9 சதுர செ.மீ. எதிர்வினையில் காலிப்பரே நகர்ந்து வெளி பேட்டையும் அதே பலத்தில் அழுத்துகிறது. நிலையான நாலு பிஸ்டன் காலிப்பரில் ஒரு பக்கத்து இரண்டு பிஸ்டனை மட்டும்தான் எண்ண வேண்டும், எதிர்ப் பக்கத்து இரண்டும் அந்த எதிர்வினையின் வேலையைத்தான் செய்கின்றன. 38 மி.மீ. பிஸ்டன் இரண்டின் பரப்பு 22.7. அதாவது அந்த நாலும் உங்கள் பழைய ஒன்றுக்குச் சமம். வண்டிக்கு இதுதான் நல்லது.

40 மி.மீ. பிஸ்டன்கள் உள்ள கிட் வாங்கினால் பரப்பு 25.1, சுமார் 10 சதவீதம் அதிகம். அதை நிரப்ப, பெடலோடு சேர்ந்த மாஸ்டர் சிலிண்டர் அதிக ஆயிலைத் தள்ள வேண்டும், பெடல் அந்த அளவுக்குக் கீழே போகும். பெரிய டிஸ்க்கின் 13 சதவீதமும் சேர்ந்தால் முன் பிரேக்கின் பலம் கால் பங்கு ஏறிவிடும், பின் பிரேக் பழையபடியே இருக்கும். இப்போது முன் சக்கரம் முந்திக்கொண்டு பூட்டும், பின் டயரின் பிடியில் ஒரு பகுதி வீணாகும். காசு கொடுத்து நிற்கும் தூரத்தைக் கூட்டிக்கொள்வது இப்படித்தான்.

இதை ஈடுகட்ட பின் பிரேக்கைப் பலப்படுத்தலாமே என்று தோன்றும். அங்கே ஆபத்து அதிகம். நின்ற நிலையில் முன் அச்சில் 62 சதவீத எடை உள்ள ஹேட்ச்பேக், காய்ந்த ரோட்டில் முழு பிரேக்கில் 80 சதவீதத்துக்கு மேல் முன்னால் சாய்க்கும். பின் சக்கரத்தில் மிச்சம் இருப்பது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அதில் பலமான பிரேக் போட்டால் பின் சக்கரம் முதலில் பூட்டி, வண்டி சுழலும். ஏபிஎஸ்ஸும், முன்-பின் பிரேக் பங்கைப் பிரிக்கும் இபிடியும் ஓரளவு காப்பாற்றும், ஆனால் அவற்றின் கணக்கு கம்பெனி பிரேக்குக்காக எழுதப்பட்டது. அதனால்தான் நன்றாக அட்ஜஸ்ட் செய்த டிரம்மே போதும் என்கிறோம்.

வீலுக்குள் இடம் இருக்கிறதா என்பது கடைசிக் கேள்வி. 288-க்கு 15 அங்குல வீல் குறைந்தபட்சம், 312-க்கு 16. அங்குலம் மட்டும் பார்த்தால் போதாது, ஸ்போக்கின் உள்வளைவு காலிப்பரில் இடிக்கும். காலிப்பரின் வரைபடத்தை அட்டையில் வெட்டி, வீலுக்குள் வைத்துச் சுற்றிப் பாருங்கள். எல்லாப் பக்கமும் 3 மி.மீ.-ஆவது இடைவெளி வேண்டும். வீல் பேலன்ஸுக்காக உள்ளே ஒட்டும் ஈயத் துண்டையும் கணக்கில் சேருங்கள். அடுத்த முறை பேலன்ஸ் பார்க்கும்போது கடைக்காரர் வேறு இடத்தில் ஒட்ட, அது காலிப்பரில் சிக்கும்.

மாட்டும் நாள்

ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். தேவையானவை: நல்ல ஜாக்கி, இரண்டு ஆக்ஸில் ஸ்டாண்டு, டார்க் ரெஞ்ச், பிரேக் பைப் நட்டைச் சுற்றிப் பிடிக்கும் பைப் ஸ்பேனர், சி-கிளாம்ப், கம்பி பிரஷ், பிரேக் கிளீனர் இரண்டு டப்பா, 1 லிட்டர் ஆயில், புது செப்பு வாஷர் நான்கு, பிளீட் நிப்பிளில் (காலிப்பரிலிருந்து காற்றையும் ஆயிலையும் வெளியே விடும் திருகு) இறுக்கமாக மாட்டும், உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூப், சிலிக்கான் கிரீஸ். சாதாரண ஓப்பன் ஸ்பேனரைப் பைப் நட்டில் போட்டால் முனை மழுங்கிவிடும், பிறகு பைப்பையே மாற்ற வேண்டியதுதான்.

1. சமதரையில் நிறுத்தி, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். வீல் போல்ட்டைத் தரையில் இருக்கும்போதே தளர்த்தி, பிறகு தூக்கி ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கை விடக் கூடாது.

2. காலிப்பரைக் கழற்றி, ஸ்பிரிங்கில் கம்பி கட்டித் தொங்கவிடுங்கள். ஹோஸில் தொங்க விட்டால் உள்ளே கிழியும்.

3. டிஸ்க்கைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்க்ரூ துருவில் ஒட்டியிருக்கும். இம்பாக்ட் டிரைவர் வைத்து ஒரு தட்டு தட்டினால் வரும். டிஸ்க் வந்ததும் அது உட்காரும் ஹப் முகத்தைக் கம்பி பிரஷால் பளிச்சென்று ஆகும்வரை தேயுங்கள். அவசரத்தில் பெரும்பாலோர் விடும் வேலை இதுதான். ஒரு பருக்கை துரு மிச்சம் இருந்தாலும் டிஸ்க் சாய்ந்து உட்காரும். புது டிஸ்க்கை நட்டுப் போட்டு இறுக்கி, டயல் கேஜ் வைத்துச் சுற்றினால் ஆட்டம் 0.05 மி.மீ.-க்குள் இருக்க வேண்டும். அதிகமாக இருந்தால் டிஸ்க்கைக் கழற்றி, ஒரு துளை தள்ளி மாட்டி மறுபடி பாருங்கள். இப்போது சோம்பல் பட்டால் 3000 கிலோமீட்டரில் ஸ்டியரிங் உதறும்.

4. புது டிஸ்க்கின் மேலுள்ள எண்ணெய்ப் பூச்சை பிரேக் கிளீனரால் இரு பக்கமும் கழுவுங்கள்.

5. பழைய காலிப்பரையே போடுவதென்றால் பிஸ்டனைத் தள்ளும்போது பிளீட் நிப்பிளைத் திறந்து, அழுக்கு ஆயிலை வெளியே விடுங்கள். மூடி வைத்துத் தள்ளினால் அந்தக் கசடு ஏபிஎஸ் யூனிட்டுக்குள் போகும். பின்னால் டிஸ்க் உள்ள வண்டியில், ஹேண்ட்பிரேக் கேபிள் நேராகக் காலிப்பரில் சேர்ந்தால் பிஸ்டனைத் திருகிக்கொண்டே தள்ள வேண்டும், சி-கிளாம்ப் போட்டு நசுக்கினால் போச்சு. எலெக்ட்ரிக் ஹேண்ட்பிரேக் என்றால் ஸ்கேனரில் சர்வீஸ் மோடுக்குக் கொண்டுவந்த பிறகே தொட வேண்டும்.

6. காலிப்பரில் இடது, வலது உண்டு. பிளீட் நிப்பிள் மேலே இருக்க வேண்டும். மாற்றி மாட்டினால் நிப்பிள் அடியில் போய், காற்று மேலே தங்கிவிடும். மூன்று லிட்டர் ஆயில் ஊற்றினாலும் பெடல் ஏறாது. இதைக் கண்டுபிடிக்க முடியாமல் மாஸ்டர் சிலிண்டரையே மாற்றியவர்கள் உண்டு.

7. ஹோஸ் போல்ட்டுக்கு இரு பக்கமும் புது செப்பு வாஷர். இறுக்கும்போது ஹோஸ் முறுக்கிக்கொள்ளாமல் பாருங்கள். பிறகு ஸ்டியரிங்கை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பி, வீல் தொங்கும் நிலையிலும் ஜாக்கியால் மேலே தள்ளிய நிலையிலும் ஹோஸ் எதிலும் உரசவில்லை, விறைக்கவில்லை என்று உறுதி செய்யுங்கள்.

8. கேரியர் போல்ட்டை வண்டியின் மேனுவலில் உள்ள டார்க்கில் இறுக்குங்கள். கழற்றினால் புதிது போடச் சொல்லியிருந்தால் புதிதுதான் போட வேண்டும். வீல் போல்ட்டை நட்சத்திர வரிசையில் இறுக்குங்கள். போலோவுக்கு 120 நியூட்டன் மீட்டர்.

பிளீடிங்

லைனில் உள்ள காற்றையும் பழைய ஆயிலையும் வெளியேற்றுவதுதான் பிளீடிங். பிரேக் ஆயில் டேங்க்கில் உள்ள பழைய ஆயிலை சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்து, புதிது நிரப்புங்கள். பொதுவான வரிசை மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமாக உள்ள சக்கரம் முதலில்: நம் ஊர் வலது ஸ்டியரிங் வண்டியில் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. சில வண்டிகளின் மேனுவல் முன்னாலிருந்து தொடங்கச் சொல்லும், அப்போது மேனுவல் சொன்னபடியே செய்யுங்கள்.

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மெதுவாக மிதித்து, "பிடிச்சிருக்கேன்" என்று சொல்ல வேண்டும். மற்றவர் நிப்பிளைக் கால் சுற்று திறந்து, டியூபில் ஆயில் ஓட்டம் நிற்பதற்குள் மூட வேண்டும். மூடிய பிறகுதான் பெடலை விடலாம். முந்திவிட்டால் காற்று திரும்ப உள்ளே போகும். டியூபின் மறுமுனை பாட்டிலில் உள்ள ஆயிலுக்குள் மூழ்கியிருக்கட்டும். கருமையான ஆயில் தேன் நிறத்துக்கு மாறி, குமிழ் வருவது முழுதாக நிற்கும்வரை தொடருங்கள்.

பழைய வண்டியில் பெடலைத் தரைவரை மிதிக்கக் கூடாது. மாஸ்டர் சிலிண்டரின் சீல் வழக்கமாக ஓடாத, துருப்பிடித்த பகுதிக்குள் போய்க் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்துவிட்டால் பிரச்சினை இல்லை. ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை டேங்க்கைப் பாருங்கள். அது வறண்டு காற்று ஏபிஎஸ் யூனிட்டுக்குள் போய்விட்டால், பம்ப்பை ஸ்கேனரால் இயக்கித்தான் வெளியேற்ற முடியும். ஆயில் பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். துடைத்தால் போதாது, பெயின்ட்டை உரித்துவிடும்.

முடிந்ததும் இன்ஜினை ஓடவிட்டு, பெடலை முழு பலத்தில் 30 விநாடி அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் ஒவ்வொரு ஹோஸ் போல்ட்டையும் நிப்பிளையும் டிஷ்யூ பேப்பரால் தொட்டுப் பாருங்கள். துளி ஈரம் பட்டாலும் ரோட்டுக்குப் போகக் கூடாது. பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போனாலும் அப்படித்தான்.

புது பேட்டைப் பழக்குவது

வண்டியை நகர்த்துமுன் பெடலை நாலைந்து தடவை மிதித்து பேட்டை டிஸ்க்கில் உட்கார வையுங்கள். மறந்து ரிவர்ஸ் எடுத்தால் முதல் மிதி வெறும் மிதியாகிச் சுவர்தான் நிறுத்தும்.

காலியான ரோட்டில், பின்னால் வண்டி இல்லாத நேரத்தில், 60-லிருந்து 10 வரை மிதமான மிதியில் எட்டு முதல் பத்து தடவை. முழுதாக நிற்க வேண்டாம். பிறகு 90-லிருந்து 20 வரை, ஏபிஎஸ் வராத அளவுக்குப் பலமாக ஐந்தாறு தடவை. நடுவில் பிரேக் கொஞ்சம் தளர்ந்து கருகல் வாடை வரும். புது பேட்டின் பிசின் ஆவியாகிறது, பயப்பட வேண்டாம். அதன் பிறகு பத்து நிமிடம் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். பேட் கம்பெனி தாளில் வேறு முறை போட்டிருந்தால் அதைப் பின்பற்றுங்கள்.

சூடான பிரேக்கோடு சிக்னலில் நின்று பெடலை அழுத்திக்கொண்டே இருக்கக் கூடாது. பேட்டின் பொருள் டிஸ்க்கில் ஒரே இடத்தில் ஒட்டித் தடம் பதியும். "டிஸ்க் வளைஞ்சிடுச்சு" என்று லேத்துக்கு எடுத்துப் போவதில் பெரும்பங்கு உண்மையில் வளைந்ததில்லை, இப்படிப் பதிந்த தடம்தான்.

பிறகு

100 கிலோமீட்டர் ஓடியதும் வீல் போல்ட்டின் டார்க்கை மறுபடி பாருங்கள், ஹோஸ்களை டார்ச் அடித்துப் பாருங்கள். 500-இல் பேட் தேய்மானம் இரு பக்கமும் சமமா என்று கவனியுங்கள். மலை ஏறி இறங்கிய பிறகு நான்கு சக்கரத்தின் சூட்டையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அளந்தால் நிறையத் தெரியும். பளபளப்பான டிஸ்க் பரப்பில் அது குறைத்துக் காட்டும். ஆகவே எண்ணைவிட இடது வலது வித்தியாசத்தைப் பாருங்கள். ஒரே அச்சில் ஒரு பக்கம் மட்டும் அதிகம் கொதித்தால் அங்கே பிஸ்டனோ ஸ்லைடு பின்னோ இறுகியிருக்கிறது.

காகித வேலையும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே அளவில் நல்ல பேட், டிஸ்க், ஆயில் போடுவது பராமரிப்பு. வேறு அளவு காலிப்பரும் டிஸ்க்கும் போடுவது மாற்றம். போடுமுன் ஆர்டிஓ அலுவலகத்தில் விசாரியுங்கள், இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து அவர்கள் பதிலை வாங்கி வையுங்கள். கழற்றிய பழைய காலிப்பரையும் கேரியரையும் விற்றுவிடாமல், எண்ணெய்த் துணியில் சுற்றிப் பரணில் போட்டு வையுங்கள். வண்டியை விற்கும் நாளில் வாங்குபவர் முதலில் கேட்பது கம்பெனி பார்ட்ஸ் இருக்கிறதா என்றுதான்.